இருபத்தைந்து சாக்ஸபோன் பேடுகளையும் மாற்றுவதற்கு முன்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இவர் இருபது ஆண்டுகளாக ஏர்கான் பழுதுபார்க்கிறார். மகன் உயர்நிலைப் பள்ளி இசைக்குழுவில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் கேரொசல் இணையச் சந்தையில் ஒருவர் விற்ற பழைய யமஹாவை மகனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். மகன் தேசிய சேவையில் இருந்த இரண்டு ஆண்டும் அது பெட்டியோடு வீட்டின் பாம் ஷெல்டரில் (வெடிகுண்டுப் பாதுகாப்பு அறையில்) கிடந்தது. இப்போது மகன் திரும்பிவிட்டார். ஆறு வாரத்தில் அக்காள் திருமணம். வரவேற்பில் தம்பி இரண்டு பாட்டு வாசிப்பதாக ஏற்பாடு. வாத்தியத்தை எடுத்துப் பார்த்தால் டி-யிலிருந்து கீழே ஒரு சுரமும் நிற்கவில்லை. ஜி ஷார்ப் கீ ஒட்டிக்கொள்கிறது. துளைகளை அடைக்கும் மெத்தை போன்ற பேடுகள் விறைத்துப்போய், இரண்டொன்றில் பூஞ்சைப் புள்ளிகள் வேறு. கடையில் எல்லாப் பேடையும் மாற்ற வேண்டும், 650 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும் என்றார்களாம். இணையத்திலோ 25 பேடு கொண்ட ஆல்டோ செட் 38 வெள்ளிக்குக் கிடைக்கிறது.

அவர் கேட்பவை: தோலா, செயற்கைப் பொருளா? பேடின் நடுவே வரும் ரெசனேட்டர் தகடு பிளாஸ்டிக்கா, உலோகமா? ஹாட் குளூ போதுமா? ஒரு வாரக்கடைசியில் முடியுமா? மாட்டுத் தோலோ என்னவோ, அதில் வாய் வைத்து மங்கல காரியத்தில் ஊதலாமா என்று மனைவி கேட்கிறார். கடைசியாக, குறையுள்ள பொருளை வாங்கியவருக்கான லெமன் சட்டப்படி விற்றவரிடம் பணம் கேட்கலாமா?

வணக்கம் ஐயா.

சாக்ஸபோனும் கிளாரினெட்டும் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் நான் ‘கடையில் கொடுங்கள்’ என்று சொல்லும் இடங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படித்தால் தப்பில்லை. காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன், நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

காஸ் குறைகிறது என்று ஒரு வீட்டில் கூப்பிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எடுத்த எடுப்பில் குழாய் முழுவதையும் மாற்ற மாட்டீர்கள். சோப்பு நுரையைத் தடவி எங்கே குமிழி கிளம்புகிறது என்று பார்ப்பீர்கள். இதுவும் அப்படித்தான். கூம்பாக விரியும் ஒரு பித்தளைக் குழாய், அதில் இருபத்துச் சொச்சம் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் ஒரு மூடி, மூடிக்குள் ஒரு பேட். எந்தப் பேட் வாங்குவது என்று நீங்கள் கேட்கிறீர்கள். எந்தத் துளை கசிகிறது என்று நான் கேட்கிறேன்.

கீழ்ச்சுரம் வரவில்லை என்றால் கீழே உள்ள பேட் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்

கடிதத்தில் நீங்கள் வழுக்கியிருப்பது இங்கேதான். கீழ் டி ஒலிக்க அதற்கு மேலே உள்ள துளைகள் எல்லாம் காற்றுப் புகாமல் மூடியிருக்க வேண்டும். மேலே எங்கோ மயிரிழைக் கசிவு இருந்தாலும் போதும், கீழ்ச்சுரம் நடுங்கும், கொப்பளிக்கும், இல்லாவிட்டால் ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடும். நோய் தெரிவது காலில், காரணம் இருப்பது கழுத்தில்.

முதலில் காசில்லாத சோதனை ஒன்று. மகனை எஃப் வாசிக்கச் சொல்லுங்கள். இடக்கை மூன்று விரல், வலக்கையில் முதல் விரல். சுரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடக்கைச் சுண்டுவிரலால் ஜி ஷார்ப் கீயை அமுக்கட்டும். சுரம் அசையக் கூடாது. அசைந்தால், மூடியிருக்க வேண்டிய ஜி ஷார்ப் மூடி எழும்புகிறது என்று அர்த்தம். அதை அமுக்கிப் பிடிக்க வலக்கைக் கீ அடுக்கிலிருந்து ஒரு குட்டிக் கை நீண்டு வரும். அதன் முனையில் கடுகளவு திருகு ஒன்று இருக்கும். சிறிய திருப்புளியால் அதைத் துளித் துளியாக இறுக்கிப் பாருங்கள், கால் சுற்றுக்கு மேல் போக வேண்டாம். அளவு மீறினால் வலக்கை மூடிகள் முழுதாக மூடாது, இருந்த நோய் போய் வேறு நோய் வரும். கீழ் பி, பி ஃபிளாட் வாசிக்கச் சுண்டுவிரல் அமுக்கும்போது ஜி ஷார்ப் கீயும் கூடவே இழுபடும். அந்தச் சுரங்கள் வராததற்குப் பல வாத்தியங்களில் இந்தத் திருகுதான் காரணம். உங்கள் டி-க்கு இது காரணமாக இல்லாமலும் போகலாம். இருந்தாலும் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது லீக் லைட். மெல்லிய எல்இடி பட்டை, குழாய்க்குள் இறக்குவது. இதற்கு நல்ல இருட்டு வேண்டும். எந்தப் பாம் ஷெல்டர் பேடுகளைக் கெடுத்ததோ, அதே அறை இப்போது கைகொடுக்கும். ஜன்னல் கிடையாது, கதவைச் சாத்தினால் கும்மிருட்டு. விளக்கை உள்ளே விட்டு ஒவ்வொரு மூடியையும் விரல் பாரத்தில் மெதுவாக மூடுங்கள். அழுத்தி மூடினால் எந்தக் கசிவும் மறைந்துவிடும், அது நம்மையே ஏமாற்றிக்கொள்வது. மூடி தொடும் அந்த நொடியில் ஓரத்தில் பிறை போல ஒளிக்கீற்று தெரிகிறதா, எந்தப் பக்கம் தெரிகிறது என்று பாருங்கள்.

பக்கம் முக்கியம். கீல் இருக்கும் பின்பக்கம் முதலில் மூடி முன்பக்கம் ஒளி கசிந்தால், பேடின் தடிமன் அந்தக் கப்புக்கு (பேட் உட்காரும் மூடியின் குழிக்கு) அதிகம். முன்பக்கம் மூடிப் பின்பக்கம் கசிந்தால் பேட் மெலிந்துவிட்டது. இடமோ வலமோ கசிந்தால் பேட் சாய்ந்திருக்கும், அல்லது கீ வளைந்திருக்கும். கீ வளைந்திருந்தால் உலகத்திலேயே விலை உயர்ந்த பேடைப் போட்டாலும் பயனில்லை. மூடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். அச்சு தேய்ந்து லொடலொடத்தால் அது கடை வேலை.

இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடித்தவை எப்படியும் போக வேண்டும். மற்றவற்றில் பாதி இன்னும் சில ஆண்டு ஓடும் என்று தெரியவரலாம்.

ஜி ஷார்ப் ஒட்டுவதற்கும் புதுப் பேட் தேவைப்படாமல் போகலாம். அது ஸ்பிரிங் அழுத்தத்தில் எப்போதும் மூடியே இருக்கும் கீ. தே தாரிக் என்னும் பால் தேநீரைக் குடித்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் ஊதினால் சர்க்கரை எல்லாம் போய் அங்கேதான் குடியேறும். வீடியோவில் டாலர் நோட்டை இடையில் வைத்து இழுக்கச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது அமெரிக்க நோட்டு, பஞ்சு கலந்தது, ஈரத்தை உறிஞ்சும். நம் இரண்டு வெள்ளி நோட்டு பிளாஸ்டிக், ஒன்றையும் உறிஞ்சாது. (ஐம்பது வெள்ளி நோட்டு காகிதம்தான், ஆனால் அதற்கு யாருக்கு மனசு வரும்.) சுத்தமான வெள்ளைத் தாளில் லைட்டர் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மூடிக்கும் துளைக்கும் நடுவே வைத்து லேசாக மூடி எடுங்கள். தாளில் பழுப்புக் கறை வரும். கறை வராதவரை செய்துவிட்டு, காய்ந்த தாளால் ஒருமுறை ஒற்றுங்கள். பக்கத்தில் நெருப்பு வேண்டாம். முகப்பவுடரும் வேண்டாம், அது அப்புறம் மாவாகி அடைந்துகொள்ளும்.

எந்தப் பேட்

‘ஆல்டோ செட்’ என்று விற்பது, ‘ஆண்கள் சட்டை’ என்று மட்டும் எழுதி அளவே போடாமல் விற்கிற மாதிரி. கப்புகளின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். பேடுகள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் விற்கப்படுகின்றன. அந்த அரை மில்லிமீட்டரில்தான் எல்லாமே இருக்கிறது.

ஆகவே வெர்னியர் காலிப்பர் எடுங்கள். பழைய பேடை எடுத்த பின் கப்பின் உள்விட்டத்தை இரண்டு திசையில் அளந்து எழுதுங்கள். இரண்டு அளவும் வேறுபட்டால் கப் நசுங்கியிருக்கிறது. 31.2 வந்தால் 31 வாங்குங்கள், 31.5 வேண்டாம். பெரிய பேடைத் திணித்தால் உள்ளே போகும், ஆனால் முகம் அப்பளம் மாதிரி உப்பிவிடும். சமமில்லாத முகம் ஒருநாளும் மூடாது. தடிமனைப் பழைய பேடின் ஓரத்தில், துளையின் விளிம்பு பதியாத இடத்தில் அளக்க வேண்டும். பெரும்பாலும் நான்கு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். தடிமனைக் குறிப்பிடாத செட்டை வாங்காதீர்கள். அந்த 38 வெள்ளி செட்டின் விவரத்தை இன்னொரு முறை படியுங்கள், அதில் விட்டமாவது எழுதியிருக்கிறதா?

தோலா செயற்கையா என்ற கேள்விக்கு என் பதில் தோல். வழக்கமான பேட் என்பது அட்டை, அதன்மேல் கம்பளி ஃபெல்ட், அதைச் சுற்றி ஆட்டுத் தோலோ கங்காரு தோலோ இழுத்துக் கட்டியது. ஈரம் புகாதபடி பதப்படுத்திய தோல் என்று பார்த்து வாங்குங்கள். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தைத் தாண்டும். பதப்படுத்தாத தோல் இங்கே ஈரத்தில் ஊறி, காய்ந்து, ஊறி, கடைசியில் பலகை மாதிரி ஆகிவிடும். ஃபெல்ட் நடுத்தர மென்மையாக இருக்கட்டும். கெட்டியான ஃபெல்ட் நாள்பட உழைக்கும், ஆனால் துளை விளிம்பில் சிறு மேடு பள்ளத்தைக்கூட மன்னிக்காது. முதல்முறை செய்பவருக்கு மன்னிக்கிற பேட்தான் வேண்டும். செயற்கைப் பேடுகளைப் பூஞ்சை அவ்வளவாகத் தொடாது, அது உண்மை. ஆனால் நான் போட்டுப் பார்த்தவற்றில் பல, விளிம்பு துல்லியமாகச் சமமாக இருந்தால்தான் ஒத்துழைத்தன. பழைய வாத்தியத்தில் அந்த அதிர்ஷ்டம் குறைவு.

உங்கள் மனைவிக்கு: வாயில் படுவது ஊதுவாயும் நாணல் ரீடும்தான். பேடுகள் வாத்தியத்தின் உடம்போடு ஒட்டிய மூடிகளுக்குள் இருக்கின்றன. பேடில் மாட்டுத் தோல் வழக்கமில்லை. கல்யாண மேடையில் பக்கத்தில் இருக்கும் தவிலும் தோல் கட்டியதுதான், அதை யாரும் மங்கலக் குறைவு என்பதில்லை. கத்ரி கோபால்நாத் இதே வாத்தியத்தில்தான் கச்சேரி மேடைகளில் கர்நாடக சங்கீதம் வாசித்தார், 2004-இல் பத்மஸ்ரீயும் வாங்கினார். அப்படியும் உங்கள் மனைவிக்கு மனம் ஒப்பவில்லை என்றால் செயற்கைப் பேடுக்கே போங்கள். வீட்டு நிம்மதியும் கணக்கில் சேரும்.

ரெசனேட்டரைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். பேடின் நடுவே இருக்கும் அந்த வட்டத் தகடு, தோல் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புவதற்காக. உலோகம் போட்டால் ஒலியில் கொஞ்சம் பளபளப்பு கூடும் என்பார்கள். கல்யாண மண்டபத்து மைக்கும் ஸ்பீக்கரும் அந்த வித்தியாசத்தைச் சாப்பிட்டுவிடும். இப்போது இருப்பது எந்த வகையோ அதையே போடுங்கள். தகடு துளையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், அது மட்டும் கட்டாயம். விளிம்பில் இடித்தால் மூடி மூடாது.

அரக்கும் நெருப்பும்

ஹாட் குளூ அவசரத்துக்கு உதவும். கச்சேரிக்கு முன் பேட் கழன்று விழுந்தால் நானே போட்டிருக்கிறேன். நிலையான வேலைக்கு ஷெல்லாக், அதாவது நம் அரக்கு. பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகையில் பூசியதாகச் சொல்வார்களே, அதே பூச்சி அரக்குதான், இன்றும் ஜார்க்கண்ட் பக்கம் காடுகளில் எடுக்கிறார்கள். சூட்டில் இளகும், ஆறினால் கல்லாகும், மறுபடி சூடு காட்டினால் மறுபடி இளகும். பேடைச் சமன் செய்ய இந்தக் குணம்தான் தேவை.

ஆனால் உங்கள் டார்ச்சைத் தொடாதீர்கள். செப்புக் குழாயைப் பற்றவைக்க 700 டிகிரிக்கு மேல் போகிறீர்கள். அரக்குக்கு 80 டிகிரியை ஒட்டிய சூடு போதும். பழகிய கை என்பதே இங்கே ஆபத்து, ஏனென்றால் கை பழைய சூட்டுக்குத்தான் பழகியிருக்கிறது. என் முதல் வருடத்தில் சொந்த டெனர் சாக்ஸபோனின் ஒரு கப்பை இரண்டு நொடி கூடுதலாகக் காட்டினேன். தேன் நிற லாக்கர் பூச்சு காபி டிக்காஷன் நிறத்துக்குப் போய்விட்டது, இன்றும் அப்படியே இருக்கிறது. சமையல் பொருள் கடையில் கிடைக்கும் சின்ன பியூட்டேன் டார்ச் போதும். பாம் ஷெல்டரில் வேண்டாம், சமையலறை ஜன்னலோரம் உட்காருங்கள்.

ஒரே ஒரு பேடில் ஆரம்பியுங்கள்: கீழ் ஈ ஃபிளாட். தனியாகக் கழற்றலாம், மற்ற கீகளோடு பிணைப்பில்லை, சூடு காட்டும் கப்பின் மேல் முத்துச் சிப்பியோ பிளாஸ்டிக்கோ இல்லாததால் உருகிப்போகவும் ஒன்றுமில்லை. கீயைக் கழற்றிக் கப்பின் முதுகில் சுடரை ஆட்டி ஆட்டிக் காட்டுங்கள். பழைய பேட் வழுக்க ஆரம்பிக்கும், ஊசியால் நெம்பி எடுத்துவிடலாம். பழைய பசையைச் சுரண்டித் துடையுங்கள். பழையதன்மேல் புதியதைப் பூசினால் தடிமன் கணக்கு தப்பிவிடும். புதுப் பேடின் முதுகு முழுக்க அரக்கைச் சமமாகத் தடவுங்கள், நடுவில் ஒரு பொட்டு வைத்தால் போதாது. கப்பைச் சூடாக்கிப் பேடை உள்ளே வைத்து, முகம் கப்பின் விளிம்புக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஆறியதும் கீயை மாட்டி, இருட்டறைக்குக் கொண்டுபோய் விளக்கை விடுங்கள். பிறை தெரிந்தால் திரும்ப ஜன்னலோரம். கீ மாட்டியபடியே கப்பை இளஞ்சூடாக்கி, மெல்லிய தகடு ஒன்றைப் பேடுக்கும் துளைக்கும் நடுவே விட்டு, துளையை முதலில் தொடும் பக்கத்தைத் தொட்டாற்போல் உள்ளே தள்ளுங்கள். தகட்டை உருவிக்கொண்டு மூடியை மெல்ல மூடிப் பிடித்து ஆறவிடுங்கள். திரும்ப இருட்டறை. முதல் பேடுக்கு எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டி ராத்திரி முழுக்க வைத்தால் தடம் பதிந்து சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். சாய்ந்த பேடில் அழுத்தமான தடம் விழும், அவ்வளவுதான்.

ஆறு வாரக் கணக்கு

25 பேடையும் ஒரு வாரக்கடைசியில் மாற்ற முடியாது. கழற்றிவிடலாம், மாட்டவும் செய்யலாம், வாசிக்க முடியாது. இரண்டு கைகளுக்கும் கீழே வரிசையாக இருக்கும் மூடிகள் ஒன்றையொன்று இழுத்து மூடுபவை. ஒன்றின் தடிமன் மாறினால் நான்கு மூடிகளைத் திருத்த வேண்டியிருக்கும். கல்யாணத்துக்கு முன் அந்த அடுக்குகளைத் தொடாதீர்கள்.

என் யோசனை இது. இந்த வாரம் சோதனையும் திருகும். வாரக்கடைசியில் ஈ ஃபிளாட். இரண்டு மாலைக்குப் பிறகும் ஒளி கசிந்தால் வெட்கப்படாமல் விட்டுவிடுங்கள். எப்படி ஆனாலும் இரண்டாம் வார முடிவுக்குள் உங்கள் குறிப்புத் தாளோடு கடைக்குப் போய், ‘இந்த இந்தப் பேடுகளை மட்டும் மாற்றிச் சரிசெய்தால் எவ்வளவு?’ என்று கேளுங்கள். பேடுகள் படிந்த பிறகு மறுசரிசெய்தல் இலவசமா, எத்தனை மாதத்துக்கு என்பதையும் எழுதி வாங்குங்கள். எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று கடைக்காரர் இருட்டறையில் விளக்கு விட்டுக் காட்டினால் நம்பலாம். காட்டாமல் சொன்னால் இன்னொரு கடையில் விசாரியுங்கள். அவர் கேட்ட 650 வெள்ளியில் பேடுக்கான விலை கொஞ்சம்தான், மீதி அந்த மாலைகளுக்கான கூலி. புது வாத்தியத்துக்குக் காசைப் போடுவதா என்ற யோசனை வேண்டாம், யமஹாவுக்குச் செலவு செய்வது வீண் போகாது.

லெமன் சட்டம் உங்களுக்கு உதவாது. 2012 செப்டம்பரில் வந்த அந்த விதி, வியாபாரி வாடிக்கையாளருக்கு விற்ற பொருளுக்கானது. பழைய பொருளும் அதில் அடங்கும், ஆனால் ஒரு தனிமனிதர் இன்னொருவருக்கு விற்றதற்கு அது பொருந்தாது. ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறைக்குத்தான் அதில் வாங்குபவருக்குச் சாதகமான அனுமானம் இருக்கிறது. உங்களுக்கு நான்கு ஆண்டு ஆகிவிட்டது. தவிர, பேட் கார் டயர் மாதிரி, தேய்வது அதன் இயல்பு. விற்றவரை விட்டுவிடுங்கள். மாறாக, இப்போது ஒரு கடையில் வேலை கொடுத்து அவர்கள் ஒப்புக்கொண்டபடி செய்யாவிட்டால், இரண்டு ஆண்டுக்குள் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 20,000 வெள்ளி வரை அங்கே விசாரிப்பார்கள். எழுதி வாங்கச் சொன்னது அதற்காகவும்தான்.

வாத்தியம் சரியாகி வந்ததும் அதைத் திரும்ப ஷெல்டரில் வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் உள்ளே துணி இழுத்து, பெட்டியை ஒரு மணி நேரம் திறந்தே வைக்கச் சொல்லுங்கள். கேமராவுக்கு வைக்கும் உலர் பெட்டி பெரிதாக ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. ஐம்பது சதவீதம் போதும், அதற்குமேல் உலர்த்தினால் தோல் சுருங்கும்.

எஃப் வாசித்துக்கொண்டே ஜி ஷார்ப்பை அமுக்கியபோது என்ன ஆனது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். ஈ ஃபிளாட் கப்பின் அளவையும் சேர்த்து எழுதினால் எந்தப் பேட் என்று சொல்லிவிடுகிறேன். மணமக்களுக்கு என் வாழ்த்து.